ட்வின் லென்ஸ் கேமரா வாங்கப் போறீங்களா? ரோலிஃப்ளெக்ஸ் முதல் லூபிடெல் வரை... எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

வேங்கிக்காலில் நின்று மேற்கே பார்த்தால் அண்ணாமலை. காலை வெயில் நேராக மலை மேல் விழும் நேரத்தில் செல்போனை எடுத்தால், ஒரு நிமிஷத்தில் முப்பது படம் எடுத்துவிடலாம். அதில் எத்தனையைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்பது வேறு கதை. அதனாலோ என்னவோ, நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிற இளைஞர்கள் பலர் இப்போது தாத்தா காலத்து பிலிம் கேமராவைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அதிலும், முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டிக் கேமரா மீது தனி ஆசை.

அதன் பெயர் ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். சுருக்கமாக டி.எல்.ஆர். நம்மூர் ஸ்டுடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட கேமரா. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் சதுரமாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா? அது இந்த வகைக் கேமராவில் எடுத்ததாக இருக்கலாம். இல்லாவிட்டால், அதே ரோலைப் போட்டு எடுக்கிற அக்ஃபா கிளிக் 3 மாதிரி எளிய கேமராவில் எடுத்ததாக இருக்கலாம்.

எந்த மாடல் யாருக்குப் பொருந்தும், வாங்கும்போது எதைச் சோதிக்கணும், ரோலுக்கு என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கேமரா தேடிப் போகிறவர்கள் கண்ணில் படாமலே போய்விடுகிற இன்னொரு பொருளும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எதற்கு இரண்டு லென்ஸ்?

மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. அவ்வளவுதான்.

மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே 45 டிகிரி சாய்வாகப் பதித்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும். அங்கே உள்ள பால் கண்ணாடியில் பிம்பம் விழும். மூடியைத் திறந்து, கேமராவை இடுப்புயரத்தில் பிடித்து, குனிந்து பார்க்கணும். இரண்டு லென்ஸும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டிருப்பதால் சேர்ந்தே நகரும். மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழே பிலிமிலும் தெளிவாக விழும்.

புதிதாக எடுப்பவர்களை இரண்டு விஷயம் குழப்பும். ஒன்று, பிம்பம் நேராக நின்றாலும் இடவலம் மாறித் தெரியும். வேங்கிக்கால் சாலையில் இடமிருந்து வலமாகப் போகிற பஸ், கண்ணாடியில் வலமிருந்து இடமாகப் போகும். ஒரு ரோல் எடுத்தால் பழகிவிடும்.

இரண்டாவது, பாரலாக்ஸ். பார்க்கிற லென்ஸ், எடுக்கிற லென்ஸுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. தூரத்து மலைக்கு இதனால் பாதகமில்லை. ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுத்தால், கண்ணாடியில் முழுசாகத் தெரிந்த தலை படத்தில் உச்சி வெட்டுப்பட்டு வரலாம். ரோலிஃப்ளெக்ஸில் இதைச் சரிக்கட்ட, ஃபோகஸோடு சேர்ந்து நகரும் சட்டம் உண்டு. அப்படி வசதி இல்லாத கேமராக்களில் மேலே கொஞ்சம் இடம் விட்டு எடுப்பதுதான் வழி.

வசதிகளும் உண்டு. இன்றைய எஸ்.எல்.ஆர். போல படம் எடுக்கும் நொடியில் கண்ணாடி மேலே எழும்பாது. அதனால் அதிர்வு இல்லை, சத்தமும் ஒரு சின்ன 'க்ளிக்' மட்டும்தான். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், ஃப்ளாஷை எந்த வேகத்திலும் பயன்படுத்தலாம். பட்டப்பகலில் பந்தலுக்குக் கீழே மணமக்களை ஃப்ளாஷ் போட்டு எடுத்தவர்களுக்கு இது பெரிய வரம்.

120 ரோல்: ஒரு ரோலுக்கு 12 படம்

டி.எல்.ஆர். கேமராக்களில் பெரும்பாலானவை 120 ரோல் பிலிமை ஏற்கும். கோடாக் நிறுவனம் 1901-ல் தன் பிரௌனி கேமராவுக்காகக் கொண்டுவந்த அளவு இது. இன்றும் அதே அளவில் புதிய ரோல் விற்பனையாகிறது. 120 ஆண்டுகளுக்கு முந்தைய 'சார்ஜர்' இன்றும் பொருந்துகிற மாதிரி!

ஒரு படம் ஏறக்குறைய 6 செ.மீ.-க்கு 6 செ.மீ. சதுரம். துல்லியமாகச் சொன்னால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 56 மி.மீ. சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் பரப்பு 864 சதுர மி.மீ. இதில் 3,136. அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். பெரிதாக்கி பிரிண்ட் போட்டாலும் நுணுக்கம் குலையாது என்பதற்கு இதுதான் காரணம். பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இன்னொரு லாபமும் இருந்தது. நெகட்டிவ் பெரிதாக இருப்பதால், கூரான பென்சிலால் அதன் மேலேயே 'டச்சிங்' செய்து முகத்தில் உள்ள பருவையும் தழும்பையும் மறைக்க முடிந்தது. அந்தக் காலத்து 'ஃபில்டர்'!

இந்த பிலிம் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் ஊட்டியில் உற்பத்தியை ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் அதன் கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டோ பேப்பரும் நாடு முழுக்கப் போயின. தூசு குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று பிலிம் தயாரிப்புக்கு ஏற்றது. பின்னாளில் நஷ்டத்தில் சிக்கி அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று இந்தியாவில் நீங்கள் வாங்கும் ரோல் இல்ஃபோர்ட், கோடாக், ஃபோமா என்று வெளிநாட்டில் இருந்து வருவதுதான்.

திருவண்ணாமலைக்கு வந்த லைகா

எல்லா பிலிம் கேமராவும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. கேமராவை எங்கே வைத்துப் பிடிக்கிறோம் என்பதே படத்தை மாற்றிவிடும்.

உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தார். அவர் கையில் இருந்தது லைகா. உள்ளங்கையில் அடங்குகிற 35 மி.மீ. கேமரா. கண்ணில் வைத்து, யாரும் கவனிக்கும் முன்னே சட்டென்று எடுத்துவிடுவது அவர் பாணி.

டி.எல்.ஆர். அதற்கு நேர் எதிர். முகத்தை மறைக்காமல் வயிற்றருகே வைத்துப் பிடிக்கிறோம். எதிரில் இருப்பவருக்கு நம் முகம் தெரியும், பேச்சு கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். குனிந்து பார்ப்பதால் ஏதோ வணங்கி நிற்பது போலவும் இருக்கும். துப்பாக்கி மாதிரி நீட்டும் கேமராவுக்கு முன்னால் விறைத்துப்போகிறவர்கள், இதற்கு முன்னால் கொஞ்சம் இளகுவார்கள். இடுப்புயரத்தில் இருந்து எடுப்பதால் குழந்தைகளும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள் கண் மட்டத்திலேயே பதிவாவார்கள்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் டெல்லியில் பயன்படுத்திய கேமராக்களில் ரோலிஃப்ளெக்ஸும் ஒன்று. ஆக, இது ஸ்டுடியோவுக்குள் அடைந்து கிடந்த கேமரா இல்லை. வேகத்துக்கும் ஈடுகொடுத்திருக்கிறது.

எந்த மாடல் யாருக்கு?

ரோலிஃப்ளெக்ஸ்: எல்லோரும் காப்பியடித்த அசல். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே இருவரும் 1920-ல் தொடங்கிய நிறுவனம், 1929-ல் இதை அறிமுகப்படுத்தியது. 1937-ல் வந்த 'ஆட்டோமேட்' மாடலில் ஓர் அதிசயம். பிலிம் உருளைகளுக்கு இடையே போகும்போது, வெறும் காகிதம் முடிந்து பிலிம் தொடங்குகிற இடத்தில் கூடும் தடிமனைக் கேமராவே உணர்ந்து, முதல் படத்துக்குத் தானாக நின்றுகொள்ளும். மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது, எல்லாம் பல்சக்கரம்தான். பிளானார் அல்லது ஜெனோட்டார் லென்ஸ் கொண்ட 3.5எஃப், 2.8எஃப் மாடல்கள் சேகரிப்பாளர்களின் கனவு. விலையும் அப்படியே. டெஸ்ஸார் லென்ஸ் கொண்ட பழைய ஆட்டோமேட் அவற்றைவிடக் குறைவு. படத்தரத்தில் ஏமாற்றாது.

ரோலிகார்ட்: அதே தொழிற்சாலையின் எளிய தம்பி, 1933-ல் வந்தது. கைப்பிடியைச் சுழற்றுவதற்குப் பதில் குமிழைத் திருகணும். ஷட்டரைத் தனியாக இழுத்து வைக்கணும். கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை நடக்கும். ஆனா எடை குறைவு, பாகங்களும் குறைவு, அதனால் பழுதும் குறைவு. ஜெனார் லென்ஸ் கொண்ட பிந்தைய மாடல்கள் கொடுக்கிற காசுக்கு நியாயமானவை.

யாஷிகா: பழைய ஸ்டுடியோக்களில் விசாரித்தால் அடிக்கடி காதில் விழுகிற பெயர். ஜப்பான் தயாரிப்பு. 1957-ல் யாஷிகா மேட், 1970-ல் யாஷிகா மேட் 124ஜி. 'ஜி' என்பது மீட்டரின் மின் தொடர்புகளில் பூசிய தங்கத்தைக் குறிக்கிறது. 80 மி.மீ., எஃப் 3.5 யாஷினான் லென்ஸ் நன்றாகவே எடுக்கும். 1980-களின் நடுப்பகுதி வரை தயாரித்தார்கள் என்பதால், இந்தப் பட்டியலில் வயது குறைந்தவற்றில் ஒன்று. ஒரு சின்னச் சிக்கல்: இதன் மீட்டர் பழைய 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. பாதரச பேட்டரி விற்பனை நின்றுவிட்டது. காது கேட்கும் கருவியில் போடும் ஜிங்க் ஏர் பேட்டரி ஏறக்குறைய அதே வோல்ட் தரும். அதை ஒரு வளையம் வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் செல்போனில் லைட் மீட்டர் செயலி போதும்.

மினோல்டா ஆட்டோகார்ட்: 1955-ல் வந்தது. ரோக்கார் லென்ஸின் கூர்மைக்குப் பேர் போனது. பிலிம் மேலிருந்து கீழாக நேராக ஓடுவதால், வளைவு விழாமல் தட்டையாக நிற்கும். பலவீனம், லென்ஸுக்குக் கீழே இருக்கும் ஃபோகஸ் நெம்புகோல். கிரீஸ் இறுகியிருக்கும்போது பலமாகத் தள்ளினால் முறிந்துவிடும். 'கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்' என்று விற்பவர் சொன்னால் உஷார்.

மமியா சி வரிசை: லென்ஸைக் கழற்றி மாற்ற முடிகிற டி.எல்.ஆர். 55 மி.மீ. அகலக் கோணத்தில் இருந்து 250 மி.மீ. டெலி வரை லென்ஸ் உண்டு. ரொம்பக் கிட்டத்தில் போயும் ஃபோகஸ் செய்யலாம். சி330 மாடல் 1969-ல் வந்தது. லென்ஸோடு சேர்த்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் ராத்திரி தைலம் தேய்க்க ஆள் தேவைப்படும். ஸ்டாண்டு போட்டு உருவப்படம் எடுப்பவர்களுக்குப் பொருத்தம்.

லூபிடெல், சீகல்: குறைந்த பட்ஜெட் தேர்வுகள். லூபிடெல் சோவியத் ரஷ்யாவின் லெனின்கிராடில் செய்தது. பிளாஸ்டிக் உடம்பு, மூன்று கண்ணாடி லென்ஸ், எடை இல்லை. பார்க்கும் கண்ணாடியில் நடுவில் உள்ள சின்ன வட்டத்தில் மட்டும்தான் ஃபோகஸ் தெரியும் என்பதால் கொஞ்சம் கண் வலிக்கும். எஃப் 8, எஃப் 11 வைத்து வெயிலில் எடுத்தால் விலைக்கு மீறிய படம் தரும். சீகல் ஷாங்காய் தயாரிப்பு. தரம் கேமராவுக்குக் கேமரா மாறுபடும் என்பதால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சுருக்கமாக: முதல் கேமரா என்றால் யாஷிகா அல்லது ரோலிகார்ட். உருவப்படம் மட்டுமே குறி என்றால் மமியா. பிலிம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க மட்டும் லூபிடெல். ரோலிஃப்ளெக்ஸை ரெண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். எதைச் சோதிப்பது என்று அதற்குள் கை பழகியிருக்கும்.

வாங்கும் முன் ஏழு சோதனைகள்

1. ஷட்டர். எல்லா வேகத்திலும் தட்டிப் பாருங்கள். 1 விநாடியில் வைத்தால் உண்மையிலேயே ஒரு விநாடி திறந்து மூடணும். நடுவில் திக்கினால் எண்ணெய் இறுகியிருக்கிறது, சர்வீஸ் செலவு காத்திருக்கிறது.

2. பூஞ்சை. 'பி'யில் வைத்து ஷட்டரைத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்து லென்ஸைப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் மழைக்கால ஈரத்தில் வளர்வது. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்தைப் பெரிதாகப் பாதிக்காது. நடுவில் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

3. இரண்டு லென்ஸும் ஒத்துப்போகிறதா? பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். தூரத்தில் உள்ள ஒன்றைக் குறிவையுங்கள். திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலை உச்சியே போதும், அது கேமராவுக்கு 'முடிவிலி'. மேலே தெளிவாகத் தெரியும்போது பேப்பரிலும் தெளிவாகத் தெரியணும்.

4. லென்ஸ் பலகை. பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஃபோகஸ் குமிழைத் திருகும்போது பலகை சாயாமல் நேராக முன்னால் வரணும். சாய்ந்திருந்தால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கிறது.

5. பிலிம் ஓட்டம். காலாவதியான ஒரு ரோலைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். நடுவில் சிக்கினாலோ, எண் தாவினாலோ படங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும்.

6. உள் கண்ணாடி. தூசு இருந்தால் பரவாயில்லை. துணியால் தேய்த்துத் துடைக்க மட்டும் வேண்டாம். ரசம் மேற்பரப்பிலேயே பூசப்பட்டிருப்பதால் உரிந்து வந்துவிடும்.

7. செல்ஃப் டைமர். தொடவே தொடாதீர்கள். பல வருஷம் சும்மா இருந்த டைமர் பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

வாங்கியபின் தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு விருந்து வைக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது.

செலவு எவ்வளவு? டெவலப் எங்கே?

கேமரா ஒரு முறைச் செலவு. பிலிம் தொடர் செலவு. கணக்கு எளிது: ரோல் விலை, டெவலப் கட்டணம், ஸ்கேன் கட்டணம், கூரியர் எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். அதுதான் ஒரு படத்தின் விலை. முதல் தடவை கணக்குப் போடும்போது நெஞ்சு லேசாகப் படபடக்கும். அந்தப் படபடப்பே உங்களை ஒவ்வொரு படத்துக்கும் முன் யோசிக்கவைக்கும்.

கலர் ரோலைப் பெருநகர லேப்களுக்குக் கூரியரில் அனுப்பலாம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே டெவலப் செய்யலாம். ஒரு டேங்க், ஒளி புகாத பை, டெவலப்பர், ஃபிக்சர், தெர்மாமீட்டர் போதும். டெவலப்பர் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்துக்கானது. சித்திரை மாதம் நம் ஊர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். சூடு ஏறினால் பிலிம் வேகமாகக் கறுத்துவிடும், மேல்பூச்சும் இளகும். ஐஸ் கட்டி போட்ட பேசினில் கெமிக்கல் பாட்டிலை நிறுத்திக் குளிரவைத்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால், ரோலைக் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். புதிய சி.டி. ஸ்கேனர்கள் பிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும்.

மீட்டர் இல்லையா? கவலை வேண்டாம். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தை வையுங்கள். 100 பிலிம் என்றால் 125-ல் ஒரு பங்கு விநாடி. மேகமூட்டம் என்றால் எஃப் 8. தாத்தா காலத்து ஸ்டுடியோக்காரர்களில் பலர் மனக்கணக்கில் ஓட்டியது இப்படித்தான்.

பழகுவதற்குத் திருவண்ணாமலையைவிட நல்ல இடம் வேண்டுமா? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு ரோலில் 12 படம். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றுகூட வராது. எதை விடுவது, எதை எடுப்பது என்ற முடிவுதான் பயிற்சி. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சி ஜோதியை எடுக்க ஆசை இருந்தால், ஸ்டாண்டும் கேபிள் ரிலீசும் வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: குறைந்த வெளிச்சத்தில் பிலிம் சோம்பேறியாகிவிடும். இல்ஃபோர்ட் எச்.பி.5 பிலிமில் மீட்டர் 10 விநாடி காட்டினால், ஏறக்குறைய 20 விநாடி திறந்து வைக்கணும்.

சேகரிப்பதா, படம் எடுப்பதா?

சேகரிப்பில் இரண்டு வழி உண்டு. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பரேக், 4,425 பழைய கேமராக்களைச் சேர்த்து கின்னஸ் சாதனை படைத்தவர். குருகிராமில் 'மியூசியோ கேமரா' என்ற அருங்காட்சியகமே இருக்கிறது. கேமராவின் வரலாற்றைக் காப்பாற்ற இப்படிப்பட்ட சேகரிப்புகள் தேவை.

நமக்கு ஒரு அலமாரிதான் இருக்கிறது. அந்த நிலையில், பயன்படுத்த முடிகிற ஒரு கேமரா, பெட்டி பிரிக்காத பத்து கேமராவைவிட மேல். ஸ்பிரிங்கும் எண்ணெயும் அசையாமல் கிடந்தால் இறுகிப்போகும். மாதம் ஒரு முறையாவது எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டினால்தான் கேமரா உயிரோடு இருக்கும். சேகரிப்பாளர்கள் 'பளபளப்பு'க்கும் அசல் பெட்டிக்கும் காசு கொடுப்பார்கள். படம் எடுப்பவர் அதற்குக் கொடுக்கத் தேவையில்லை. தோல் உரிந்து, பெயிண்ட் தேய்ந்து, லென்ஸும் ஷட்டரும் சுத்தமாக இருக்கிற கேமராவைத் தேடுங்கள். அப்படித் தேய்ந்திருந்தால் யாரோ அதை ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி

இப்போது, முதலில் சொன்ன அந்த இன்னொரு பொருள். நெகட்டிவ்.

மூடிய ஸ்டுடியோவின் சொந்தக்காரரிடம் 'ஐயா, பழைய கேமரா ஏதாவது இருக்கா?' என்று கேட்டுப் போகிறவர்கள் உண்டு. கேமரா பரணில் இருந்து இறங்கும், பேரம் படியும், கைமாறும். அதே பரணில் உறைகளில் எண் போட்டு அடுக்கிய நெகட்டிவ் பெட்டிகள் இருக்கும். அவற்றை யாரும் கேட்பதில்லை. பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போவது உண்டு, குப்பைக்குப் போவதும் உண்டு. ஓர் ஊரின் கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம், பட்டாளத்துக்குப் போகும் முன் அம்மாவோடு எடுத்துக்கொண்ட ஒற்றைப் படம், எல்லாம் அதோடு போய்விடும்.

யாஷிகா 124ஜி உலகில் ஏராளமாக இருக்கிறது. ஒரு நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான்.

அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், ஓய்வு நேரத்தில் ரோலிஃப்ளெக்ஸோடு தெருத்தெருவாக அலைந்து படமெடுத்தவர். யாரிடமும் காட்டவில்லை. வாடகை கட்டாததால் அவர் பெட்டிகள் 2007-ல் ஏலத்துக்கு வந்தன. நெகட்டிவ்களை வாங்கியவர்கள் ஸ்கேன் செய்து வெளியிட்டபிறகுதான் உலகம் அவரைப் பார்த்தது. அவர் 2009-லேயே இறந்துவிட்டார். ஏலத்தில் அந்தப் பெட்டிகளை யாரும் சீந்தாமல் விட்டிருந்தால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

நம் பக்கத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். ஒரு திட்டத்தால் எல்லா ஊருக்கும் போய்விட முடியாது. மிச்சத்தை அந்தந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

ஆகவே கேமரா வாங்கப் போகும்போது கூடவே இதையும் செய்யலாம். 'நெகட்டிவ் இருக்கா, நான் ஸ்கேன் பண்ணித் தரவா?' என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதைத் தனியாகப் பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். சூடும் ஈரமும் அந்தச் சிதைவை வேகப்படுத்தும், அதனால் ஓட்டுக் கூரைக்கு அடியில் இருந்து முதலில் இறக்குங்கள். நல்ல ஸ்கேனர் இல்லாவிட்டாலும், வெள்ளை ஒளி தரும் லைட் பேனல் மேல் வைத்து டிஜிட்டல் கேமராவால் எடுத்து, கணினியில் பாசிட்டிவ் ஆக்கலாம். உறை மேல் எழுதிய பெயர், தேதி, எண்ணையும் சேர்த்துப் படமெடுங்கள். அது இல்லாமல் முகங்கள் அநாதையாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை. நெகட்டிவ் உங்கள் கையில் இருப்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். ஸ்டுடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். சமூக வலைத்தளத்தில் போட்டு லைக் வாங்கும் முன், அவர்களைத் தேடிப் பிடித்து ஒரு பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். தன் பாட்டியின் இருபது வயது முகத்தை முதல் முறையாகப் பார்க்கிற ஒரு பேத்தி, அந்தக் கேமராவுக்கு நீங்கள் கொடுத்த விலை அதிகமா குறைவா என்று உங்களுக்குச் சொல்லிவிடுவாள்.